அமாவாசைச் சமையலும் என் அடிவயிறும்

நான் வயதுக்கு வந்தது 2007ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில். பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் அப்போது சம்பா அறுப்பு முடியும் தறுவாய். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே நெற்பயிருக்குள் தெளித்துவிட்ட உளுந்து, தாளுக்கு இடையே இலை விட்டிருந்தது. முந்தைய ஆண்டு உளுந்தில் மிச்சம் இருந்ததை அம்மாச்சி வறுத்து, தோலோடு திரித்து, வெல்லப்பாகில் களி கிண்டி, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றி, பதினாறு நாளும் காலையில் என் முன் வைத்தார். "இடுப்பு கெட்டிப்படணும்டி, மிச்சம் வைக்காம சாப்புடு" என்பார். நான் மிச்சம் வைத்ததில்லை, எனக்குப் பிடித்திருந்தது. மதியத்துக்குள் வயிறு பறைபோல் உப்பிக்கொள்ளும். பெரியவளானால் அப்படித்தான் இருக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு 12 ஆண்டுகள் என் நோய்க்கு வீட்டில் வழங்கிய பெயர் 'கேஸ்'. சுக்குக் கஷாயம், ஓமத் தண்ணீர், மோரில் கரைத்த பெருங்காயம், தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் என்று எல்லாம் நடந்தன. மாதவிலக்குக்கு நான்கைந்து நாள் முன்பு மலம் இறுகி, வயிறு பொருமி, சுடிதார் நாடாவைத் தளர்த்தி முடிந்துகொள்ள வேண்டிவரும். முதல் நாளன்று அப்படியே தலைகீழாகி நான்கைந்து முறை வயிற்றால் போகும்; அப்படிப் போகும்போது மலக்குடலுக்குள் கருவேல முள்ளை வைத்து இழுப்பதுபோல வலிக்கும். கல்லூரிக்கு நகரப் பேருந்தில் போய்வந்த காலத்தில், அந்த நாள்களில் காலை உணவைத் தவிர்த்துவிடுவதையே வழக்கமாக்கிக் கொண்டேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மெஃப்டால் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டேன். மெஃபனாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சவ்வை அரிக்கக் கூடியவை என்பதும், அவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகே போட வேண்டும் என்பதும் அப்போது தெரியாது. ஆகவே 'கேஸ்' உண்மையிலேயே வந்து சேர்ந்தது.

வயிற்று மருத்துவர் எண்டோஸ்கோப்பி எடுத்து, இரைப்பை சற்றுச் சிவந்திருக்கிறது என்றார். பெண்கள் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். திருமணம் ஆகாத பெண் என்பதால், தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றின் மேல் கருவியை ஓட்டி, எல்லாம் இயல்பாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். இருவரும் தங்கள் எல்லைக்குள் சரியாகத்தான் பார்த்தார்கள். என் நோய் இரண்டு எல்லைக்கும் நடுவில், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே உள்ள குழியில் இருந்தது.

2019இல் தஞ்சாவூரில் பார்த்த ஒரு மருத்துவர், அதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "மலம் கழிக்கையில வர்ற வலி எல்லா நாளும் இருக்கா, தலைக்குக் குளிக்கிற நாளையொட்டி மட்டுமா?" பதில் எனக்கே தெரியவில்லை. இரண்டு மாதம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வீட்டில் பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: தேதி, விலக்கு நாள், மலம் எப்படி, வலி பத்துக்கு எவ்வளவு, என்ன சாப்பிட்டேன். இந்த வியாதிக்காக நான் செய்தவற்றுள் மிகவும் பயன்பட்டது அந்த நோட்டுதான் என்று இன்றும் சொல்வேன். மலக்குடல் வலி விலக்குக்கு முந்தைய நாள் தொடங்கி மூன்றாம் நாளோடு நின்றது. பொருமல் மட்டும் மாதம் முழுவதும் இருந்தது. ஒன்று என்று நினைத்துக் கொண்டிருந்த தொல்லை இரண்டாகப் பிரிந்து கண்ணுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

பெண்ணுறுப்பின் வழியே எடுத்த ஸ்கேனில் இடது சினைப்பையில் ஒரு சாக்லேட் கட்டி இருந்தது. எம்ஆர்ஐ எடுத்ததில், கருப்பையின் பின்புறமும் மலக்குடலின் முன்சுவரும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ அடிவயிற்றுச் சவ்விலோ குடலின் மேலோ வளர்ந்து, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு ஏற்பத் தூண்டப்பட்டு, அழற்சியையும் ஒட்டல்களையும் உண்டாக்குவதே இந்த நோய். சினைப்பைக் கட்டிக்குள் தேங்கிய பழைய இரத்தம் உருகிய சாக்லேட்டின் நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயர். உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி, கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்று எனக்கும் சொன்னார்கள். பிள்ளைப்பேறு இதற்கு மருந்தன்று.

ஸ்கேனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கட்டியாகவோ ஆழமான ஒட்டலாகவோ இருந்தால் நல்ல ஸ்கேனில் தெரியும். சவ்வின் மேல் படர்ந்த சிறு புள்ளிகள் பெரும்பாலும் தெரிவதில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்கம் மற்றும் கருவியல் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராக் குழாயை விடும் லேப்ராஸ்கோப்பியில் கண்ணால் பார்த்தால்தான் நோயை உறுதிசெய்ய முடியும் என்ற பழைய நிலையைக் கைவிட்டது. ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் அறிகுறிகளை வைத்து மருந்தைத் தொடங்கலாம் என்றாகிவிட்டது. 'ஸ்கேன் நார்மல்' என்ற தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் பெண்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

கருப்பை நோய்க்குக் குடல் ஏன் இப்படித் துடிக்கிறது என்பதற்குப் பல விடைகள் சேர்ந்தே இருக்கின்றன. விலக்குக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஏறும் புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் குடலின் அசைவை மந்தமாக்குகிறது. விலக்கு தொடங்கும்போது கருப்பையைச் சுருங்க வைக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் பக்கத்தில் இருக்கும் குடல் தசையையும் சுருங்க வைப்பதால் வயிற்றால் போகிறது. இவ்வளவும் எல்லாப் பெண்களுக்கும் ஓரளவு நடப்பவைதாம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு இதோடு ஒட்டல்களும் அழற்சியும் சேர்கின்றன. ஆண்டுக்கணக்கில் வலியைக் கடத்திக் கடத்தி, அடிவயிற்று நரம்புகளும் கூருணர்வு பெற்றுவிடுகின்றன. மற்றவர் வயிற்றில் உணரப்படாமலே போய்விடும் அதே அளவு காற்று, இந்த வயிற்றில் வலியாகிறது. எரிச்சல் குடல் நோய் என்று மருத்துவர்கள் சொல்லும் ஐபிஎஸ் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதற்கும், ஒன்றை மற்றொன்றாக நினைத்து ஆண்டுகளைத் தொலைப்பதற்கும் இதுவே காரணம்.

திருச்சியில் லேப்ராஸ்கோப்பி செய்து கட்டியை எடுத்து ஒட்டல்களையும் பிரித்தார்கள். பிறகு தினமும் 2 மில்லிகிராம் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை. சில மாதம் விட்டு விட்டுச் சொட்டிய பின் விலக்கு ஏறக்குறைய நின்றது, முள் வலியும் நின்றது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: இந்தக் கட்டுரையின் மிச்சமெல்லாம் சாப்பாட்டைப் பற்றியது, ஆனால் என் நோயை அடக்கியது சாப்பாடு அன்று. நோட்டில் இரண்டாம் பத்தியாக மிஞ்சியிருந்த பொருமலுக்கும் மலச்சிக்கலுக்கும்தான் சமையலறை கைகொடுத்தது.

2022இல் ஒரு உணவியல் நிபுணர் ஃபாட்மேப் குறைந்த உணவு முறையைச் சொன்னார். சிறுகுடலில் சரிவர உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகும் சிலவகை மாவுச்சத்துகளுக்கான பொதுப்பெயர் அது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான், பருப்புகளில் இருக்கும் கேலக்டோ சர்க்கரைகள், பாலின் லாக்டோஸ், மாம்பழம், தர்பூசணியில் மிகையாக உள்ள ஃப்ரக்டோஸ், காலிஃபிளவரில் உள்ள மேனிட்டால் ஆகியவை அதில் அடங்கும். பருப்புச் சர்க்கரையை உடைக்கும் நொதி மனிதக் குடலிலேயே கிடையாது. ஆகவே உளுந்து எனக்கு மட்டும் செய்த துரோகம் அன்று அது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்த முறை ஐபிஎஸ் நோயாளிகளுக்கானது. நியூசிலாந்தில் ஐபிஎஸ் உள்ள 160 பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், எண்டோமெட்ரியோசிஸும் சேர்ந்து இருந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு நான்கு வாரத்தில் குடல் தொல்லை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. எண்டோமெட்ரியோசிஸ் இல்லாதவர்களில் அது 49 விழுக்காடு. அண்மையில் 2025இல், மோனாஷ் குழுவே எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 35 பெண்களுக்கு உணவைச் சமைத்தே கொடுத்து 28 நாள் சோதித்ததில், 60 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது; ஒப்பீட்டு உணவில் 26 விழுக்காடு. சிறிய ஆய்வுதான். குறைந்தது குடல் தொல்லையே தவிர நோயின் கட்டிகள் அல்ல என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த உணவியல் நிபுணர் கொடுத்த பட்டியலில் ப்ரோக்கோலியும் கிவியும் இருந்தன. கொத்தவரங்காயும் வாழைத்தண்டும் இல்லை. பட்டியலைக் கொண்டுவந்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, துவரம்பருப்பைக் குறைக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "அமாவாசைச் சமையல்னு சொல்லு, அதுக்கா ஆயிரம் ரூவா குடுத்தே?" என்றார்.

எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் பாதிக் கவலை தீர்ந்தது. எங்கள் ஊரில் அமாவாசைக்கும் திவசத்துக்கும் புரட்டாசிச் சனிக்கிழமைக்கும் வெங்காயம் பூண்டு சேர்க்காமல் சமைப்பது எல்லா வீட்டுக்கும் கைவந்த வேலை. மிளகும் சீரகமும் அரைத்துவிட்ட பொரித்த குழம்பு, வாழைக்காய்ப் பொடிமாஸ், புடலங்காய்க் கூட்டு, எலுமிச்சை ரசம், தேங்காய்த் துவையல், புளியோதரை என்று ஒரு மாதம் ஓட்டுவதற்குப் போதுமான சமையல் வீட்டிலேயே கிடந்திருக்கிறது. மாதத்தில் ஒருநாள் செய்ததைத் தொடர்ந்து நான்கு வாரம் செய்தோம். அமாவாசைக்கு வழக்கமாகத் தட்டும் வடையை மட்டும் அம்மா தயக்கத்தோடு நீக்கினார். அரிசி இந்த முறையில் முழுக்க அனுமதிக்கப்பட்டது என்பதால், சோறு இல்லாமல் எப்படி என்ற கேள்வி எழவில்லை. டெல்டாக்காரியாகப் பிறந்ததற்கு நான் நன்றி சொன்ன தருணங்களில் அதுவும் ஒன்று.

நுணுக்கங்கள் பின்னால்தான் பிடிபட்டன. பூண்டின் ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே ரசத்தில் தட்டிப்போட்ட பூண்டைத் தட்டில் ஒதுக்கிவைத்துப் பயனில்லை, அது ரசத்துக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்டது. நல்லெண்ணெயில் பூண்டைப் பொரித்து, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால், வாசனை வரும், வயிறு உப்பாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பது உண்டு என்பதால் மைதா சேராத கட்டிப் பெருங்காயத்துக்கு மாறினோம். ஒரு சிட்டிகையில் எவ்வளவு மைதா இருந்துவிடப் போகிறது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் சோதனை என்று இறங்கியபின் அரைகுறையாகச் செய்ய மனம் வரவில்லை. பாசிப்பருப்பை ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால், வாயுவுக்குக் காரணமான சர்க்கரையில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. வாழைப்பழம் செங்காயாக இருக்கையில் எனக்கு ஒத்துப்போகிறது. தோல் புள்ளி விழுந்து கனிந்த பூவன் ஒத்துப்போகவில்லை, கனியக் கனிய அதில் ஃப்ரக்டான் கூடுவதே காரணம். டிகிரி காபியைப் பாதி டம்ளராக்கினேன். முழுக்க விடச் சொன்னால் நான் சிகிச்சையை விட்டிருப்பேன்.

பழைய சோற்றுக்கு மட்டும் பஞ்சாயத்து நடந்தது. வயிற்றுக்கு அதைவிட நல்லது உண்டா என்று அப்பாயி சண்டைக்கே வந்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு பயன்படுமா என்று ஆராய்கிறார்கள் என்ற செய்தி அவர் பக்கத்துக்கு வலுச் சேர்த்தது. அந்த ஆய்வு வேறு நோய்க்கானது. ஆனால் என் நோட்டைப் பார்த்தால், பழைய சோறு குற்றவாளி அன்று. அதனோடு கடித்த பத்துச் சின்ன வெங்காயந்தான் குற்றவாளி. உப்பு நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டால் ஒன்றும் செய்யவில்லை. அப்பாயி இதைத் தம் வெற்றியாகவே தெருவெல்லாம் சொன்னார்.

வெளியில்தான் சிரமம். கல்யாணப் பந்தியில் வெங்காயமும் பூண்டும் வேண்டாம் என்று சொன்னால், எங்கள் ஊரில் அது உடல்நிலை சார்ந்த செய்தியாகப் போய்ச் சேர்வதில்லை. "எப்பலேந்துடி இந்த ஆசாரமெல்லாம்?" என்று ஒரு அத்தை கேட்டார், வேறொருவர் நான் ஏதோ வேண்டுதலில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, குழந்தைக்காகவா என்று பரிவோடு விசாரித்தார். மலக்குடலைப் பற்றிப் பந்தியில் விளக்க முடியாது. ஆமாம் என்று சொல்லிவிட்டு மோர்சாதம் சாப்பிட்டேன்.

மூன்றாம் வாரத்தில் மாலைப் பொருமல் குறைந்தது. ஆனால் இந்த முறையில் பலர் தவறுவது இதற்குப் பிறகுதான்: நன்றாக இருக்கிறதே என்று அப்படியே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்துவிடுகிறார்கள். முதல் கட்டம் இரண்டு முதல் ஆறு வாரம் மட்டுமே. பிறகு ஒவ்வொரு வகையையும் தனித்தனியே சிறிது சிறிதாகத் திரும்பச் சேர்த்து, எது எவ்வளவு ஒத்துவருகிறது என்று கண்டறிய வேண்டும். விலக்கப்படும் இதே மாவுச்சத்துகள்தாம் குடலில் பிஃபிடோபாக்டீரியா போன்ற நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவு. நெடுநாள் விலக்கினால் அவை குறைகின்றன. எடை குறைவாக உள்ளவர்களும், சாப்பாட்டோடு ஏற்கெனவே மனப்போராட்டம் உள்ளவர்களும் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது.

சாப்பாட்டைவிட எளிதாகப் பலன் தந்த ஒன்றும் உண்டு. புது வீடு கட்டியபோது பழைய குந்தும் கழிப்பறையை எடுத்துவிட்டு நாற்காலிக் கழிப்பறை வைத்தோம். என் மலச்சிக்கல் அதற்குப் பிறகு மோசமானதை நான் இணைத்துப் பார்த்ததில்லை. குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு நேராகி, முக்காமலே வெளியேறும். இப்போது கால்களை ஒரு சிறு மணையின் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறேன். வலிக்குப் பயந்து பயந்து இடுப்பின் அடித்தளத் தசைகள் இறுகிப்போயிருந்ததை ஒரு பிசியோதெரபிஸ்ட் கண்டுபிடித்து, அவற்றைத் தளர்த்த மூச்சோடு சேர்ந்த பயிற்சி கற்றுக்கொடுத்தார். இசப்கோலைப் போதிய தண்ணீரோடு குடிக்கிறேன். வலி நாள்களில் அம்மா கொடுக்கும் தவிட்டு ஒத்தடம், வெந்நீர்ப் பையைவிட நெடுநேரம் சூடு தாங்குகிறது.

குடல் நுண்ணுயிர்களைப் பற்றி இப்போது எங்கும் பேச்சு. கல்லீரல் கழிவாக அனுப்பும் ஈஸ்ட்ரோஜனைச் சில குடல் பாக்டீரியாக்கள் தம் நொதியால் விடுவித்து, மீண்டும் இரத்தத்தில் சேரச் செய்கின்றன என்பது உண்மை. 2023இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் 64 விழுக்காட்டினரின் கருப்பை உட்படலத்தில் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவைக் கண்டார்கள். நோயற்றவர்களில் அது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் நோய்ப்புண்கள் குறைந்தது எலிகளில். இந்தத் துணுக்குகளை வைத்துக்கொண்டு, குடலைச் சுத்தம் செய்தால் கட்டி கரையும் என்று பொடி விற்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பொடிகள் பலவற்றில் இருப்பது பேதி மருந்துதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்த அம்மாச்சி குறைந்தபட்சம் அதற்குக் காசு வாங்கவில்லை. அவற்றை வாங்கிக் குடித்துவிட்டுக் கட்டி கரையாதபோது, பத்தியத்தில்தான் எங்கோ தவறிவிட்டோம் என்று அந்தப் பெண்ணே தன்னை நொந்துகொள்வாள் என்பது என் பெரிய கோபம்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சலோடு வரும் வயிற்று வலி, மலமும் காற்றும் அறவே நின்று வாந்தி வருவது ஆகியவற்றுக்கு நோட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். விலக்கு நாள்களில் மட்டும் மலத்தில் இரத்தம் வந்தால், அது குடலில் உள்ள எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். இருந்தாலும் வேறு காரணம் இல்லை என்று பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

உளுந்தைக் கடைசியாகத்தான் திரும்பச் சேர்த்தேன். முதலில் நன்றாகப் புளித்த மாவில் இட்லி. புளிக்கையில் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே தின்றுவிடுவதால் மூன்று இட்லி வரை தொல்லையில்லை. களி இன்றுவரை ஒத்துவரவில்லை. போன தை அமாவாசைக்கு அம்மா எனக்கென்று தனியாக ஒரு வடை தட்டி இலையில் வைத்தார். நோட்டில் எழுதியிருக்கிறேன்: ஒரு வடை, மாலை வரை ஒன்றுமில்லை. மறு மாதம் இரண்டு வடை. இரவு ஒன்பது மணிக்குப் பொருமல், பத்துக்கு ஆறு.